வாக்காளர் பட்டியலில் படிச்ச தம்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடனில் அகப்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கிழக்கு லண்டனில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் அலுவலகம். கடனட்டைகளை எப்படிக் கைவிடுவது என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வது என் முதன்மையான பணி. மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் இருந்தது. வந்தவர் சம்மதித்தால் அவருடைய அட்டையை அவர் கண்முன்னே இரண்டாக வெட்டிக் கொடுப்போம்.

சேர்ந்த இரண்டாம் வாரம் பொறுப்பாளர் என்னை அழைத்தார். நரைத்த தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருக்கும் ஆங்கிலப் பெண்மணி. பெப்ரவரி இறுதியில் என் தகுதிகாண் காலம் முடிகிறது, அதற்குள் எனக்கென்று ஒரு கடனட்டை இருக்க வேண்டும் என்றார். லண்டனுக்கு வெளியே உள்ள சிறு நகரங்களில் மாலைக் கூட்டங்கள் நடத்துவதும் என் வேலையில் அடங்கும். கூட்டம் முடியும் நேரத்தில் அங்கிருந்து ரயில் கிடையாது. ஆகவே வாடகைக் கார். வாடகைக் கார்க் கம்பனி, ஓட்டுபவரின் சொந்தக் கடனட்டையைக் காட்டினால் மட்டுமே சாவியைத் தரும். செலவை நிறுவனம் பிறகு திருப்பிக் கொடுக்கும்.

"இதில் ஒரு முரண் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்," என்றார் அவர். "கார்க் கம்பனி கவனிக்கவில்லை."

அட்டை இல்லையென்றால் நேர்முகத்தேர்வில் எனக்கு அடுத்து நின்றவரை அழைப்பார்கள். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, விதியாகச் சொன்னார். பட்டதாரியாக லண்டனுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை நான் பார்த்த வேலைகளில் எவரும் என் பட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை. இதுதான் கேட்ட முதல் வேலை.

அதே மாதம் நான் எங்கள் பகுதியின் கிரெடிட் யூனியனில் உறுப்பினரானேன். எங்களிடம் வருபவர்களை அதில் சேரச்சொல்லி நாங்கள் அனுப்புவது வழக்கம். நானே சேராமல் பிறரை அனுப்புவது நேர்மையல்ல என்று எனக்குப் பட்டது. வியாழக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஒரு மடிப்பு மேசை போட்டு நடத்துவார்கள். உறுப்பினர்கள் வாரம் ஒரு சிறு தொகையைச் சேமிப்பார்கள். சேமித்தவர்களுக்கு அந்தப் பணத்திலிருந்தே குறைந்த வட்டியில் கடன் கொடுப்பார்கள். பொருளாளர் ஓய்வுபெற்ற ஜமேக்காத் தாதி. என் புத்தகத்தில் முதற்பதிவை எழுதிக்கொண்டிருந்தவரிடம், யூனியன் கடனட்டை வழங்குமா என்று கேட்டேன்.

"அட்டை எதற்கு?" என்றார். "இங்கே உன் முகத்தைப் பார்த்துக் கொடுப்போம்."

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்கார அண்ணையிடம் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் ஒரு வரிசை வீட்டை வாங்கி, மேலறைகளை எங்கள் மூவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"சங்கக்கடையிலை அரிசி குடுப்பினம், மா குடுப்பினம். காட்டும் (card) குடுப்பினமோ?" என்றார்.

"இது சங்கக்கடையில்லை அண்ணை. சிக்கனக் கடனுதவிச் சங்கம் மாதிரி."

"அப்ப அரிசியும் இல்லை," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார்.

ஆகவே வங்கியில் விண்ணப்பித்தேன். படிவத்தில் வேறு நிதி நிறுவனங்களுடன் உள்ள தொடர்புகளைக் குறிக்க ஓர் இடம் இருந்தது. அதில் கிரெடிட் யூனியன் உறுப்பினர் என்று பெருமையோடு எழுதினேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் அதைப் படித்துவிட்டு, நான் எந்தத் தொழிலைச் சேர்ந்த யூனியனில் இருக்கிறேன் என்று கேட்டாள். விளக்கினேன். அவள் அக்கறையோடு கேட்டுவிட்டு, "இப்போது நீங்கள் வேலைநிறுத்தத்தில் இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டாவது வங்கியும் மறுத்தது. மூன்றாவது விரைவாக மறுத்தது. காரணம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பற்றி விசாரித்த தகவல் நிறுவனத்துக்கு ஒரு பவுண் அனுப்பினால் என் கோப்பின் பிரதியைப் பெறலாம் என்று கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. இந்த உரிமையைப் பற்றி வாரத்துக்கு நான்கு பேருக்காவது நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காக அதைப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது நவம்பர் கடைசியில்தான்.

கோப்பு டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. ஒரே ஒரு தாள். என் பெயரில் அந்த முகவரியில் எவரும் வசிப்பதாகப் பதிவு இல்லை என்று அதில் இருந்தது. பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் இங்கிலாந்தில் வாக்குரிமை உண்டு. வாக்காளர் பட்டியலின்படி அங்கே வசிப்பவர்கள் நால்வர். முதலாவது, வீட்டுக்கார அண்ணை. மற்ற மூவருக்கும் குடும்பப்பெயர் ஒன்றே: தம்பி. முதற்பெயர்கள் முறையே படிச்ச, கட்டை, பெற்றோல்.

தாளை மாடிப்படியில் உட்கார்ந்து இருமுறை படித்தேன். உயரம் குறைந்த நண்பன் அடுத்த அறையில் இருந்தான். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவன் அதற்கடுத்த அறையில். அண்ணை எங்களை அப்படித்தான் அழைப்பார். மூவரும் தம்பிமார் என்பதால் வேறுபடுத்த அடைமொழி தேவைப்பட்டது. நான் பட்டதாரி என்பதால் படிச்ச தம்பி.

கீழே போனேன். அண்ணை சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கவுன்சிலிலையிருந்து வாற வோட்டுப் போமை நீங்களோ நிரப்பினது?"

"ஓம். நிரப்பாட்டில் தண்டம் அடிப்பினமெண்டு போட்டிருந்தவை. ஒவ்வொரு வருசமும் ஒழுங்கா நிரப்பி அனுப்பிறனான்."

"என்ரை பேரை ஏன் படிச்ச தம்பி எண்டு எழுதினீங்கள்?"

"போமிலை ரெண்டு பெட்டி இருந்தது. உமக்கு ரெண்டு பேர் இருக்குது. சரியாத்தானே வந்தது."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

அவர் கத்தியை வைத்தார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருசமா ஒரே வீட்டிலை இருந்து சாப்பிடுற பிள்ளையிட்டைப் போய், உம்மடை பேர் என்ன எண்டு கேக்கிறதோ? நான் என்ன இமிகிரேசனோ?"

"எனக்கு வாற கடிதங்களிலை பேர் இருக்குதே அண்ணை."

"கிடக்குது. அது உம்மடை பேரோ, கொப்பற்றை பேரோ, ஏஜென்சிக்காரன் போட்ட பேரோ எண்டு எனக்கென்ன தெரியும்?"

அந்த ஆண்டுகளில் எங்களில் பலர் ஒரு பெயரில் விமானம் ஏறி இன்னொரு பெயரில் இறங்கியவர்கள். முழுப்பெயரைக் கேட்பது விசாரணை. கேட்காமல் இருப்பது மரியாதை. அண்ணை எனக்கு இரண்டு ஆண்டுகளாகக் காட்டிய மரியாதையின் காரணமாகவே நான் லண்டனில் இல்லாதவனாக இருந்தேன்.

அதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. என்னை முதலில் மறுத்த அதே வங்கி, திருவாளர் படிச்ச தம்பி அவர்களுக்கு எழுதியிருந்தது. பொறுப்புள்ள வாடிக்கையாளர்களில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து இந்த அழைப்பை அனுப்புவதாகவும், கையெழுத்திட்டு அனுப்பினால் போதும், அட்டை வீடு தேடி வரும் என்றும் அதில் இருந்தது. படிச்ச தம்பிக்கு எந்தக் கடனும் இல்லை, எந்த வழக்கும் இல்லை. பட்டியலில் இருந்தார், அது போதுமாக இருந்தது.

அண்ணை கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன கதை? நீர் கேட்டா இல்லையாம். படிச்ச தம்பிக்குக் கேக்காமலே குடுக்கிறாங்கள். கையெழுத்தை வைச்சு அனுப்பும்."

"அது நானில்லை அண்ணை."

"நீர் தம்பியில்லையோ?"

"தம்பிதான்."

"படிக்கேல்லையோ?"

"படிச்சனான்."

"பிறகென்ன?"

அன்று பின்னேரம் ஒரு தாளை நடுவே கோடிட்டு, கையெழுத்து வைத்தால் விளையக்கூடியவற்றை இரு பக்கமும் எழுதினேன். ஒரு பக்கத்தில் வேலை என்ற ஒரு சொல்தான். மறுபக்கம் நீண்டது. பொய்ப் பெயரில் கடன் பெறுவது குற்றம். என் வதிவிட அனுமதி அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். அகப்பட்டால் பிறகு விண்ணப்பிக்கும் தமிழர்களை இந்த வங்கி எந்தக் கண்ணால் பார்க்கும்? எங்கள் நிறுவனத்தை நம்பி வருபவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியாக, என் சாரதி அனுமதிப்பத்திரத்தில் வேறு பெயர் இருப்பதால், அந்த அட்டையைக் காட்டி எந்தக் காரையும் எடுக்க ஏலாது. இந்த ஒரு காரணமே போதும் என்பது அதை எழுதிய பிறகுதான் தெரிந்தது. மற்றவற்றை அடித்துவிட மனம் வரவில்லை.

மறுநாள் அழைப்பையும் கோப்பையும் பொறுப்பாளரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து, "தம்பி என்றால் என்ன?" என்று கேட்டார். இளைய சகோதரன் என்றேன். "அப்படியானால் மூத்தவர் யார்?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். சற்றுநேரம் எழுதிவிட்டு, புதிய வாக்காளர் பட்டியல் பெப்ரவரி நடுவில் வெளியாவதால் மார்ச் இறுதிவரை காத்திருக்கத் தம்மால் முடியும், அதற்கு மேல் நிர்வாகக் குழு சம்மதிக்காது என்றார்.

பட்டியலின் வரைவைத் திருத்துவதற்கு அப்போது ஒரு வாரமே மீதமிருந்தது. ஆனால் திருத்தினால் அண்ணைக்கு என்ன வரும் என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது. கவுன்சிலின் கண்ணில் அதுவரை அந்த வீட்டில் இருந்தது ஒரு குடும்பம்: தம்பி சகோதரர்கள் மூவர். உண்மையான பெயர்களை எழுதினால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வாடகைக்காரர்கள். அப்படிப்பட்ட வீடுகளைப் பார்வையிட அதிகாரி வரக்கூடும். தீத்தடுப்புக் கதவுகள் போடச் சொல்லக்கூடும். இதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

"கதவு என்ன விலை?" என்றார்.

தெரியாது என்றேன்.

"உமக்கு இந்த வேலை வேணுமோ?"

"வேணும் அண்ணை."

"அப்ப திங்கட்கிழமை எனக்கு ஓவ் (off). போவம்."

மற்ற இருவரும் தங்கள் முழுப்பெயர்களைத் தாங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். கட்டைத் தம்பியின் பெயர் நீளமானது. "இவ்வளவு பெரிய பேரை வைச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனீர்?" என்றார்.

நகர மண்டபத்தில் இருந்த பெண் ஊழியர் பொறுமையானவர். புதிய பெயர்களைச் சேர்த்துவிட்டு, பழைய மூவரும் இப்போது அந்த முகவரியில் இல்லை என்று வீட்டுக்காரர் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். அண்ணை பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"இருக்கிற பிள்ளையளை இல்லையெண்டு எப்பிடி எழுதுறது? எழுதிப்போட்டு இரவு இவையளுக்குச் சோறு போடுறதோ?"

ஊழியர் என்னைப் பார்த்தார். அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று இவர் கருதுகிறார் என மொழிபெயர்த்தேன். அப்படியானால் ஏழு பேரா என்று கேட்டார். நால்வர்தான் என்றேன். மூவரும் எங்கே போனார்கள் என்று கேட்டார். எங்கும் போகவில்லை, நான் அவர்களில் ஒருவன் என்றேன். அவர் சிறிது யோசித்து, வேறொரு படிவத்தை எடுத்தார். அது எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கானது. படிச்ச தம்பி என்பது என் பெயரின் எழுத்துப்பிழை என்று அண்ணை மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டார்.

பெப்ரவரியில் பட்டியல் வெளியானதும் முதல் வங்கிக்கே மீண்டும் விண்ணப்பித்தேன். கிரெடிட் யூனியன் பொருளாளர் நான் ஒரு வியாழனும் தவறவில்லை என்று எழுதிக் கொடுத்த கடிதத்தையும் இணைத்தேன். அதை யாராவது படித்தார்களா என்பது தெரியாது. மார்ச் மூன்றாம் வாரம் அட்டை வந்தது. அவர்கள் வழங்கும் வரம்புகளில் மிகக் குறைந்தது எனக்கு. கார்க் கம்பனிக்காரன் அதை இயந்திரத்தில் வைத்துக் கரித்தாள்மேல் ஒரு தடவை இழுத்தான், சாவியைக் கொடுத்தான்.

முதற் கூட்டம் கடலோரச் சிறு நகரம் ஒன்றில். பதினொரு பேர் வந்திருந்தார்கள். கடனட்டையின் வட்டி எப்படிப் பெருகும் என்று கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்கினேன். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கையை உயர்த்தினார்.

"உங்களிடம் ஒன்று இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். தன்னை இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன, காரணம் சொல்லவில்லை என்றார். நான் வாக்காளர் பட்டியலைப் பற்றியும் ஒரு பவுண் அனுப்பிக் கோப்பைப் பெறுவதைப் பற்றியும் சொன்னேன். அதுவரை கைகட்டி இருந்த பதினொரு பேரும் தாளும் பேனையும் தேடினார்கள். பேனை இல்லாதவர்களுக்கு என்னுடையதைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளருக்கு எழுதிய அறிக்கையில் இதையும் குறிப்பிட்டேன். அவர் படித்துவிட்டு, என் நியமனத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தில் கையொப்பமிட்டுத் தந்தார். அடுத்த கூட்டத்துக்குக் கூடுதலாகப் பேனைகள் எடுத்துச் செல்லும்படி சொன்னார்.