மாவுப்பூச்சிக் கணக்கு

செகந்திராபாத்தை அடுத்த உப்பலில் என் மகள் வாங்கியிருக்கும் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் நின்றுபோனால் எழுபத்திரண்டு படிகள். வெளியே மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்புகிறார்கள். எங்கள் பால்கனியிலிருந்து இதுவரை ஒன்பது தூண்கள் தெரிகின்றன. நாள் முழுவதும் சிமெண்ட் தூசி பறப்பதால் மகள் தன் செடிகளை எல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். மொத்தம் ஆறு தொட்டிகள். அவை உள்ளே வந்த மூன்றாம் வாரம் மாவுப்பூச்சியும் வந்தது.

மகளுக்கு முப்பத்தாறு வயது. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படுகிறேன்; அவள் படுவதில்லை. எனக்குக் கவலைப்பட வேறு காரியங்களும் உண்டு. கேஸ் குழாய்க்கு ஐந்து வருடம் ஆகிறது, மாற்ற வேண்டும். தண்ணீர் மோட்டார் இப்போதெல்லாம் முன்பைவிட நான்கு நிமிடம் அதிகமாக ஓடுகிறது. இந்த வரிசையில் மாவுப்பூச்சியும் சேர்ந்துகொண்டது. காலையில் பல் துலக்கியதும் என்னுடைய பழைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆறு தொட்டிகளையும் ஒரு சுற்று பார்த்து எண்ணிவிடுவேன்.

சனிக்கிழமைகளில் கீழ்மாடியிலிருந்து ஒருவர் வேப்பெண்ணெய்க் கரைசலோடு வருகிறார். தெலுங்குக்காரர். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். செடிகளுக்குத் தெளித்துவிட்டு, மகள் போடும் காபியைக் குடித்துவிட்டுப் போவார். முதல் சனிக்கிழமை பதினைந்து நிமிடம் இருந்தார். ஏழாவது சனிக்கிழமை ஒன்றேகால் மணி நேரம். ஆறு தொட்டிகளுக்கு அது அதிகம். அன்றைக்குத்தான் எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் உருதும். அப்பாவின் தங்கையும் எங்களோடு இருந்தாள். பெண்கள் பள்ளியில் டீச்சர். அவளுடைய வயதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது.

அத்தைக்குச் செடி என்றால் உயிர். ஆனால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த முற்றம் எல்லா வீடுகளுக்கும் பொது. அங்கே பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவரின் ஆடுகள் ஐந்து திரியும். பச்சையாக எதை வைத்தாலும் மாலைக்குள் குச்சிதான் மிஞ்சும். அதனால் அத்தை தன் செடிகளை முன்னறை ஜன்னலோரமாக வைத்து வளர்த்தாள். காலி வனஸ்பதி டின்களும் மண்தொட்டிகளும் விளிம்பு உடைந்த ஒரு கூஜாவும் சேர்த்துப் பதினொன்று. பிகோனியா நான்கு, பெரணி மூன்று, குரோட்டன்ஸ் இரண்டு, மணிபிளான்ட் இரண்டு.

அந்த வருடம் மழை முடிந்ததும் பூச்சி வந்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் யாரோ பஞ்சைக் கிள்ளி ஒட்டவைத்தது போல இருக்கும். விரலால் நசுக்கினால் பிசுபிசுக்கும். இலைகள் மேல் சர்க்கரைப் பாகு தெளித்த மாதிரி மினுமினுப்பு, அதைத் தேடி எறும்பு. அத்தை சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்தாள். நான்கு நாளில் பழையபடி ஆகிவிட்டது.

அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌலா அலியிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். ரயில்வே டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தன் குவார்ட்டர்ஸில் ரோஜா வளர்க்கிறவர். திருச்சிப் பக்கத்துத் தமிழர், மெலிந்த மனிதர், பேச்சு மிகக் குறைவு. நான் அவரை மௌலா அலி மாமா என்று கூப்பிட்டேன். புகையிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, சோப்பைக் கரைத்து, பித்தளைப் பம்பால் பதினோரு தொட்டிகளுக்கும் தெளித்தார்.

"முட்டை பொரிச்சு மறுபடி குஞ்சு வரும். அடுத்த ஞாயிறும் ஒரு தடவை அடிக்கணும்," என்றார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும். அவருடைய கோயிலில் காலைப் பூசை முடித்து, ரயில் பிடித்து, நாங்கள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேரும் நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்பார். அவர் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டன்ட். இதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஆட்டுக்காரப் பெரியவர் வீட்டு ரம்ஜான் பிரியாணிக்கு எங்கள் குடும்பமே போய் உட்காரும். ஆர்.சி. வீட்டில் பெண் எடுப்பது, கொடுப்பது என்கிற பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது. கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு வெறுமனே வந்து உட்கார்ந்து பேச ஒரு வழியும் இல்லை. மருந்து அடிக்க வரலாம்.

நான் எதையும் எண்ணுகிறவன் என்பது அப்போதே வீட்டில் தெரியும். அத்தை எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்துக்குப் பதினோரு கட்டம் போட்டுத் தந்தாள். தினமும் பள்ளிக்குப் போகும் முன் ஒவ்வொரு தொட்டியிலும் எத்தனை பூச்சி என்று எழுத வேண்டும். ஞாயிறு மத்தியானம் அதை நான் வாசிப்பேன். மாமா தலையாட்டிக் கேட்பார். அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்பது போல் நிற்பாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருப்பார்.

"ஒரு பூச்சிக்கு இத்தனை வாரமா?" என்று ஒருமுறை அவர் போனபின் அப்பா கேட்டார். "மனுஷனுக்கு டைபாய்டே மூணு வாரத்துல எறங்கிடுது."

"மாவுப்பூச்சி டைபாய்டு இல்லண்ணா," என்றாள் அத்தை.

"வைத்தியம் பூச்சிக்கா, வைத்தியருக்கு டீ போடறதுக்கா, அது மட்டும் யாராவது சொல்லுங்க," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

என் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. திங்கட்கிழமை எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கும். எட்டு, ஒன்பது என்று வரும். புதன் வரை அப்படியே இருக்கும். சனிக்கிழமைக்குள் இருபத்தைந்தைத் தாண்டிவிடும். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்லியிருந்தார் மாமா. எதையும் மறக்காத அத்தை, அந்தத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் வியாழக்கிழமைகளில் மறந்தாள். இன்னொன்றும் இருந்தது. மூன்றாவது தொட்டியில் இருந்த பெரிய பூச்சி ஒன்று, அம்மைத் தழும்பு போல முதுகில் ஒரு குழி உள்ளது, ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டாவது தொட்டியில் இருந்தது. மாவுப்பூச்சி நடக்கும் வேகத்தை நான் ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன். அந்தத் தூரத்தை அது ஒரே ராத்திரியில் கடந்திருக்க முடியாது. அத்தையிடம் கேட்டேன்.

"காஞ்ச இலையைக் கிள்ளி அந்தப் பக்கம் போட்டேன். அதோட போயிருக்கும்," என்றாள் அத்தை.

நோட்டில் அதையும் எழுதிவைத்தேன்: 'அத்தையால் இடம் மாறியது, ஒன்று.'

எட்டாவது வாரம் மெட்ராஸிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. மனைவியை இழந்த ஒருவர், இரண்டு பிள்ளைகள், நம்ம சபை. அன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அத்தை மட்டும் முன்னறையில் பிகோனியாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. அவள் எழுந்து போனபின் நான் போய் அந்தத் தொட்டியை எண்ணினேன். பதினான்கு. அழக்கூடிய எண்ணிக்கைதான் என்று நினைத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அத்தையின் செடிகளை நான் காப்பாற்றிவிடுவது என்று.

அந்த ஞாயிறு, அத்தை உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது, மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, இதை ஒரேடியாக் கொல்ற மருந்து எதுவுமே இல்லையா?"

அவர் சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று இப்போது தோன்றுகிறது.

"இருக்கு தம்பி. ஸ்பிரிட். பஞ்சுல நனைச்சுப் பூச்சி மேல மட்டும் தொட்டா போதும். முதுகு மாவு கரைஞ்சு செத்துடும்." கொஞ்ச நேரம் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா அவசரம் இல்ல," என்றார்.

எங்கள் வீட்டில் ஸ்டவ் பற்றவைக்க ஸ்பிரிட் பாட்டில் உண்டு. அடுத்த சனிக்கிழமை அத்தை பள்ளியில் ஏதோ கூட்டத்துக்குப் போனாள். அம்மா மார்க்கெட்டுக்குப் போனாள். நான் துடைப்பத்திலிருந்து ஆறு ஈர்க்குச்சிகளை உருவி, நுனியில் பஞ்சைச் சுற்றி, வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து, பூச்சி நாற்பத்தொன்று, முட்டைப் பை பதினேழு. மண்ணுக்குள் வேரோரத்தில் ஒளிந்திருந்தவற்றையும் விடவில்லை. தண்ணீர்த் தட்டுகள் பதினொன்றையும் நிரப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் மாமா வந்தார். பம்பைக் கீழே வைத்தார். அப்பா பேப்பரைப் பிரித்தார். அத்தை இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றாள். நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். முதல் தொட்டி, பூஜ்யம். இரண்டாவது தொட்டி, பூஜ்யம். பதினோரு முறை பூஜ்யம் சொன்னேன். ஐந்தாவதிலேயே அப்பா பேப்பரைத் தாழ்த்திவிட்டார்.

"எப்படிடா?" என்றார் அப்பா.

சொன்னேன். மாமா சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் தொட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். இலைக்கு அடியில், தண்டின் பின்பக்கம், மண்ணோரம். நானும் கூடவே நடந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் கவலையில்லை. என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அத்தை கையில் கோப்பைகளோடு அதே இடத்தில் நின்றாள். கடைசி மணிபிளான்ட்டைப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ஆமா. ஒண்ணும் இல்ல. தம்பி சுத்தமா செஞ்சிருக்கான்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் அப்பா. "உங்களுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு சிரமம். இனிமே அந்தத் தொந்தரவு இல்ல."

மாமா டீயை நின்றபடியே குடித்தார். பம்பை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து பூதக்கண்ணாடியை என் கையில் வைத்தார். பரிசு கொடுக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தைக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அடுத்த வருடம் அவருக்குக் காஜிப்பேட்டைக்கு மாற்றல் ஆனதாக அப்பா சாப்பிடும்போது சொன்னார். அத்தை அப்போது எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அத்தை என்னைத் திட்டவே இல்லை. அன்று சாயங்காலம் நோட்டைக் கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பூஜ்யங்கள் இருந்த கடைசிப் பக்கத்தில், பள்ளி நோட்டுகளைத் திருத்துகிற சிவப்பு மைப் பேனாவால் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மெட்ராஸ்காரரை வேண்டாம் என்று சொன்னாள். அதற்குப் பின் வந்த மூன்று பேரையும் வேண்டாம் என்றாள். எழுபத்தொரு வயதுவரை இருந்தாள். செடிகள் அவளிடம் நன்றாகவே இருந்தன. எண்ணச் சொல்லி மட்டும் என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை காலை என் மகளின் ஆறு தொட்டிகளையும் அதே கண்ணாடியால் பார்த்தேன். வேப்பெண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒன்றுகூட இல்லை. சந்தேகம் தீர இரண்டாம் முறையும் எண்ணினேன். மருந்துப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிட் பாட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன். உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை.

பதினொரு மணிக்கு அவர் தெளிப்பானோடு வந்தார்.

"அங்கிள், தக்கிந்தா?" என்று கேட்டார். குறைந்திருக்கிறதா என்று வாராவாரம் கேட்பதுதான்.

"டாடி, டுடே எத்தனை?" என்று மகள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். காபிக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஏழு," என்றேன்.

எனக்குத் தெரிந்து நான் வாய்விட்டுச் சொன்ன முதல் தப்பான எண் அது. அவர் என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, ஆறு தொட்டிகளையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அவுனு, ஆமா அங்கிள்," என்றார். "கரெக்டா செவன். நெக்ஸ்ட் சாட்டர்டே கூட வரணும்."

அவர் போனபின் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டேன். மௌலா அலி மாமா அன்று பதினோரு தொட்டிகளைப் பார்க்க இருபத்தாறு நிமிடம் எடுத்துக்கொண்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறேன். என் வேலையைச் சரிபார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று கிடைத்திருந்தால் போதும், அடுத்த ஞாயிறு வந்திருப்பார். நான் அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தொட்டிக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்:

"நல்லா பாருங்க மாமா. ஒண்ணுகூடக் கிடைக்காது."