ஒன்றும் பூசாத ஒரு மாதம்

போன வாரம் மாத்தளைக் கோயில் தேர்த் திருவிழா. யட்டவத்தையிலிருந்து என் தங்கை சாந்தி, மகள் கவிதாவோடு வந்திருந்தாள். ஒன்பது வயதுக் கவிதாவுக்குக் கையில்லாத கவுன். இதையெல்லாமா எழுதுவார்கள் என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது...

போன வருடம் தேருக்கு முன்பே அவள் கையிலும் முதுகிலும் வெளிறிய திட்டுகள். தேமல் என்றார்கள். பார்மசியில் ஒரு களிம்பு தந்தார்கள். பூசினால் மங்கும், பிறகு மீண்டும் வரும். கண்டி கிளினிக்கில் தோலைத் துளி வெட்டிச் சோதித்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னென்ன பூசுனீங்க?" என்று கேட்டார் டொக்டரம்மா. சாந்தி சொன்னாள்.

"அந்தக் களிம்பு நோயை மறைச்சிடுதும்மா. ஒரு மாசம் எதையும் பூசாதீங்க. வெளிய வரட்டும். திரும்ப வெட்டிப் பார்ப்போம்."

பிள்ளை மேல் திட்டு பரவுவதைப் பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா? அதுவும் நம்மூரில் — மருந்து சொல்லாத வாய் ஏது? செக் பொயின்ட்டில் அடையாள அட்டை பார்த்த சிப்பாய்கூட, மரமஞ்சள் அவித்துக் குளிப்பாட்டச் சொன்னான்.

அந்த மாதத்தில்தான் போன வருடத் தேர். தேரடியிலோ எங்கள் பெரியம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். "நீயெல்லாம் ஒரு தாயாடி? புள்ளைய இப்படிப் போட்டு வச்சிருக்க?"

"பூசுறேன் பெரியம்மா" என்று வாங்கிக்கொண்டாள். பூசவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அழுதாள்.

இரண்டாவது சோதனையில் தெரிந்தது. தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு அபூர்வமாம்.

"இது ரொம்ப மெதுவா போறதுங்க. நேரத்தோட கண்டுபிடிச்சிட்டோம். விசேஷ வெளிச்சம் காட்டியே நோயை மாத்தப் பார்க்கலாம்" என்றார் டொக்டரம்மா.

சாந்தி கேட்டது ஒன்றுதான். "பள்ளிக்கூடம் போகலாமா?"

"தாராளமா."

அதன்பிறகு ஓயாமல் கண்டி பஸ். ஆளுயர வெளிச்சப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பாள் கவிதா. "சினிமாக்காரி மாதிரி இருக்கேனா மாமா?" என்பாள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. இன்னும் வருடக்கணக்கில் செக்கப் உண்டு — இருக்கட்டுமே!

இந்தத் தேருக்கும் பெரியம்மா வந்தார். பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்த்தியா, நான் குடுத்த எண்ணெய்!"

நான் வாயைத் திறந்தேன். சாந்தி என் காலை மிதித்தாள்.

"ஆமா பெரியம்மா. இன்னும் போத்தல் நிறைய இருக்கு."

பெரியம்மா சும்மா இருப்பாரா? முந்தாநாளே ஒரு தாய், திட்டு விழுந்த மகனோடு எண்ணெய் கேட்டு சாந்தி வீட்டு வாசலில்.

சாந்தி கொடுத்தனுப்பியது எண்ணெயை அல்ல... கண்டி கிளினிக் எந்தக் கிழமை என்பதை!