சரிபார்த்தவர்: தங்கமணி

மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்தவர் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், கதிரவேலு. இளவயதில் இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கு வந்த அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அவருடைய வேலைக்கே வந்து உட்கார்ந்தார். படிப்புதான் போனது, பித்து போகவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் தாளின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டாமவர் கையெழுத்து விழும். அது இல்லாவிட்டால் துரையே போட்ட கணக்கும் செல்லாது.

1984இல் கதிரவேலுவைப் பிடித்து ஆட்டியது ஓர் ஐந்தாம் படிச் சமன்பாடு. அதற்கு ஐந்து விடைகள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஐந்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் வீடு மாறிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விடைகள் இடம் மாறும்போது அவற்றுக்கிடையே உள்ள எந்தக் கணக்கு உறவும் கெடக்கூடாது. கெடாத மாற்றங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சமன்பாட்டின் சமச்சீர்க் குலம். பெரும்பாலும் நூற்றிருபது மாற்றங்களும் செல்லும். அறுபது மட்டுமே செல்லும் சமன்பாடு அபூர்வம். அப்படி ஒன்று தன் கையில் சிக்கிவிட்டது என்று மனிதர் தலைகால் புரியாமல் இருந்தார். அந்த அறுபதையும் இருபது முகங்கள் கொண்ட ஓர் உருவத்தைத் திருப்பும் அறுபது வழிகளாகக் காட்டலாம். பழைய ரிஜிஸ்தர் அட்டைகளை வெட்டி ஒட்டி அதையும் செய்து வைத்தார்.

அறுபதுக்குள் அடங்க ஒரு சோதனை உண்டு. சமன்பாட்டின் எண்களிலிருந்து வரும் ஒரு பெரிய தொகை முழு வர்க்கமாக இருக்க வேண்டும். அவருக்கு வந்தது ஆயிரத்து இருபத்து நான்கு மில்லியன், முப்பத்திரண்டாயிரத்தின் வர்க்கம். வழக்கப்படி இன்னொருவர் போட்டுப் பார்க்க வேண்டுமே! தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் தங்கமணியிடம் எண்களையும் தொகை போடும் முறையையும் கொடுத்தார். எண்களில் ஒன்று மைனஸ் இருபது. பாலுக்காக ரப்பர் மரம் சீவும் வேலம்மாவின் மகள் அவள். இன்னும் லயத்தில்தான் இருந்தாள்.

மறுநாளே தாளோடு ஆபீசுக்கு வந்தாள். “கிராணி ஐயா, எனக்கு மைனஸ்ல வருதுங்க. மைனஸ் இருபத அஞ்சு தடவ பெருக்குனா மைனஸ்தானேங்க?”

“இது உம்மட ஆறாம் வகுப்புக் கணக்கில்லை, ரீச்சர். தாளை வைச்சிட்டுப் போம்.”

சின்னக் கிராணி நாராயணசாமி சிரித்தான். தங்கமணி முகம் சுருங்கிப் போனாள். தாளைப் பார்க்காமலே மேசை இழுப்பறைக்குள் தள்ளினார் கதிரவேலு. தன் பிரதியின் அடியில் மட்டும், வழக்கம் விட்டுப்போகாமல், ‘சரிபார்த்தவர்: தங்கமணி’ என்று அவரே எழுதிக்கொண்டார்.

கோலாலம்பூரில் ஒரு கணிதச் சங்கக் கூட்டத்தில் பேச இடம் கிடைத்தது. அட்டை உருவத்தைத் தூக்கிக்கொண்டு நாராயணசாமியும் போனான். இரண்டாவது வரியிலேயே ஓர் இளம் விரிவுரையாளர் எழுந்து, “அந்த இடத்தில் மைனஸ் அல்லவா வரவேண்டும்?” என்றார். கதிரவேலு பலகையைத் திரும்பிப் பார்த்தார். மைனஸ்தான். தொகை வர்க்கம் இல்லை. நூற்றிருபது மாற்றங்களும் செல்லும். அட்டை உருவத்துக்கு வேலையே இல்லை. ‘என் பிழை’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவர் வாயில் வந்தது வேறு.

“அதைச் சரிபார்த்தது எங்கட தோட்டத்து ரீச்சர் ஒருத்தி.”

சபை சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அப்புறம் எத்தனையோ நாள் கூனிக் குறுகினார்.

இரண்டு வாரம் கழித்து, சோறு போடும்போது மனைவி யோகாம்பாள் சொன்னாள். “இஞ்சேருங்கோ, தங்கமணி ரீச்சரிட்ட இருந்து ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை எடுத்துப் போட்டினமாம். மைனஸ் தெரியாதவவாம். நாராயணசாமிதான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறான்.”

கதிரவேலு பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். இரண்டு நாள் தங்கமணி வரும் பாதையைத் தவிர்த்துச் சுற்றி நடந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்குப் பயந்து ஒளிகிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

தங்கமணி முதலாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் பசுபதியை அங்கேயே கூட்டிவந்து, “பிழை என்ர. ரீச்சர் அண்டைக்கே சரியாச் சொன்னவ. நான்தான் அவவின்ர பேரைப் போட்டு ஏமாத்தினனான்” என்றார்.

தங்கமணி தாளை வாங்கி ஒரு சின்ன மேசைமேல் விரித்தாள். “கணக்கு எழுதுனது நானு. கீழ சரிபார்த்தவர் பேரு இல்லீங்களே, கிராணி ஐயா.”

அவர் அவசரமாகப் பேனாவை எடுத்தார். அவள் தாள்மேல் கையை வைத்து மறித்தாள்.

“போட்டுப் பாக்காம கையெழுத்து வைக்கக் கூடாதுங்க.”

பெரிய கிராணி முதலாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, மைனஸ் இருபதை மைனஸ் இருபதால் பெருக்கத் தொடங்கினார்.