கோழி தின்ற தவிடு

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. பெற்றதில் ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆறாவது ஆள் என் தம்பி. அவன் பிறந்த கதைக்குள்தான் என்னை விற்ற கதையும் இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும்.

இலங்கையில் எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுக்கு. அம்மா பால் வெட்டுகிறவள். நான் தலைப்பிள்ளை. எனக்கு அடுத்தது ஆண்பிள்ளை. பிறந்த மறுநாளே மஞ்சள் பூத்து, ஒரு கிழமைக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்தது உடம்பெல்லாம் நீர் கோத்து, செத்தே பிறந்தது. நான் மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டு, முழங்காலில் புண்ணோடு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். அதுவே குற்றமாகப் போயிற்று.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அதே லயத்தில், வரிசை வீட்டில், இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். யாருக்கு எது நடந்தாலும் காரணம் சொல்லிவிடுவாள். மழை பெய்தாலும் சொல்லுவாள். எங்கள் வீட்டுக்கு அவள் சொன்ன காரணம் நான்தான். தலைப்பிள்ளை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் வருவதை வாழ விடாது என்றாள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் தங்கள் கைப்பிள்ளையை என் பக்கம் திருப்பாமல் தூக்கிக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எங்கே நின்றேன், எந்த வழியை அடைத்தேன்?

அம்மாவுக்கு மறுபடி வயிறு தெரிந்தபோது எனக்கு எட்டு வயது. காரணம் சொன்ன அத்தையே மருந்தும் சொன்னாள். என்னைத் தவிட்டுக்கு விற்க வேண்டும். தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை வேறு வீட்டில் கொடுத்துவிட்டால், அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, வழி திறந்துவிடும். அந்தத் தவிட்டைப் பெற்றவள் தன் கையால் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அதோடு பந்தம் அறுந்துபோகும். பிறகு திரும்பி வந்தாலும் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தன் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு அப்பாவுக்குப் பழக்கமில்லை.

ஆனால் தோட்டத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? எங்களுக்கு வருவது கடை அரிசி. நெல் குத்துகிறவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம், நாடு என்று நாங்கள் சொல்லுகிற கிராமத்தில் இருக்கிற சிங்கள வீட்டுக்காரர்கள்தான். அதனால் அம்மாவும் அத்தையும் என்னை நாட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

வயலும் கோழியும் வைத்திருந்த ஒரு சிங்கள அம்மா வீடு. தவிடு கேட்டதும் சுளகு நிறையக் கொண்டுவந்து எங்கள் அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். அத்தை என்னை முன்னால் தள்ளினாள். வேலைக்கு விட வந்திருக்கிறோம் என்று நினைத்து, வேலைக்கு ஆள் வேண்டாம் என்று அந்த அம்மா கையை ஆட்டினாள். எங்கள் அம்மா தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. என் தலையில் கை வைத்து, "துவ" என்றாள். மகள் என்று அர்த்தம். வியாபாரம் முடிந்தது.

"திரும்பிப் பாக்காம வா" என்று சொல்லிவிட்டு அத்தை முன்னால் போனாள். அவள் ஓடைக்கு இறங்கி மறைந்ததும் எங்கள் அம்மா முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். முந்தானையை அவிழ்த்துத் தவிட்டை அங்கேயே கொட்டினாள். கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன. அவள் வெறும் முந்தானையை மறுபடியும் பொட்டலம் போல முடிந்துகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. என்னை விற்றதுதான் விற்றாள். அந்த விலையையும் வேண்டாமென்று கோழிக்குப் போட்டுவிட்டாளே என்று இருந்தது. அந்தக் கோழிகள் மேல் கல் எறிந்தேன். சிங்கள அம்மா எனக்கு அவித்த பலாக்கொட்டை கொடுத்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் தின்றேன். அங்கே இருந்த நாளில் நான் கொழுத்துப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தம்பி பிறந்தான். மஞ்சள் பூக்கவில்லை. ஒரு கிழமை தாண்டினான், மாதம் தாண்டினான். அத்தையின் புகழ் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டம் முழுக்கப் பரவியது. பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு அம்மா அவனையும் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டி என்னைக் கூட்டிப் போக வந்தாள்.

"வாடி, வீட்டுக்குப் போவோம்."

"சரிங்க அக்கா" என்றேன்.

அம்மா குனிந்து என் காதோடு சொன்னாள்: "அம்மான்னே கூப்புடு. ஒண்ணும் ஆகாது."

நான் அவள் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். நல்ல நிறமாக இருந்தான். நான் ஒரு சொல் சொல்லப் போய் அவன் மஞ்சளாகிவிட்டால்? மறுபடியும் அக்கா என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவளைப் புதைக்கிற வரைக்கும் எனக்கு அவள் அக்காதான்.

போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தியோடு கிளினிக்குக்குப் போனேன். அவளுக்கு இது தலைச்சன். இரத்தம் நெகடிவ், ஊசி போட வேண்டும் என்றார்கள். நல்லாயிருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு எதற்கு ஊசி என்று கேட்டேன். அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"தாய்க்கு நெகடிவ், பிள்ளைக்கு பாசிடிவ்னு வைங்க பாட்டி. பொறக்கிறப்போ பிள்ளையோட இரத்தம் கொஞ்சம் தாய்க்குள்ள போயிரும். தாயோட உடம்பு அதை வேத்தாளுன்னு நெனச்சு எதிர்க்கப் பழகிக்கும். மொதப் பிள்ளை தப்பிச்சிரும். அடுத்த பிள்ளைகளைத்தான் அது தாக்கும். மஞ்சளாகும், வீங்கும், செத்தும் பொறக்கும். அந்தப் பழக்கம் வராம இருக்கத்தான் இந்த ஊசி. பொறந்த பிள்ளை பாசிடிவ்னா மூணு நாளைக்குள்ள இன்னொண்ணும் போடுவோம்."

"அப்ப மொதப் பிள்ளையாலதானா?" என்றேன்.

"பிள்ளை மேல குத்தம் சொல்ல முடியுமா பாட்டி? அது பாட்டுக்குப் பொறந்துச்சு."

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். நாலாவதாகப் பிறந்தவன் எப்படித் தப்பினான் என்று கேட்டேன். அவருக்கு என்ன இரத்தம் என்றாள். அது எனக்குத் தெரியும். தம்பியின் இரத்தம் லேசில் கிடைக்காத நெகடிவ் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவனும் சட்டை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போவான். மிஸ்ஸி தலையாட்டினாள். அப்படியானால் உங்கள் அம்மாவுக்கும் நெகடிவாகத்தான் இருந்திருக்கும். தாய் இரத்தமும் மகன் இரத்தமும் ஒத்துப்போனதால் அவர் பிழைத்திருப்பார் என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தை சொன்னதில் பாதி சரியாம், தொடங்கியது என்னிடம்தானாம். ஆனால் குற்றம் என்மேல் இல்லையாம். தம்பி பிழைத்தது தவிட்டாலும் இல்லை. அந்தத் தவிடு தண்ணீரையே பார்க்கவில்லையே. அப்படியானால் நான் யாரைக் காப்பாற்ற ஆயுசு முழுக்க அக்கா என்று கூப்பிட்டேன்?

அம்மா அத்தையை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நம்பவில்லை என்றால் என்னை ஏன் ஓடை தாண்டிக் கொண்டுபோனாள்? நம்பினாள் என்றால், வயிற்றில் இருந்த உயிர் போனாலும் போகட்டும் என்றல்லவா என் விலையைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள்? தண்ணீரில் விட்டால்தானே நான் அவளுக்கு இல்லாமல் போவேன். எட்டு வயதில் கோழி தின்கிறது மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

பேத்தி, உனக்கு ஊசி போட்டாயிற்று. உன் தலைப்பிள்ளையை யாராவது ஒரு சொல் சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்பு. இப்போது இதை எனக்கு வாசித்துக் காட்டு. அவசரப்படாமல் வாசி. கோழிகள் ஓடிவருகிற இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசி.