பார்க்காமல் போட்ட சாட்சி

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் முதல் டாபர்மேன் நாய் செத்துப்போனது. கருப்பையை எடுக்கும் சாதாரண அறுவை சிகிச்சைதான். தையல் போட்ட பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அந்த இனத்துக்குப் பரம்பரையாக வரும் குறை அது என்று மருத்துவர் சொன்னபோது நாய் விறைத்திருந்தது.

ஆகவே அடுத்து வளர்த்த அதே இனப் பெட்டை நாயைக் குட்டிக்கு விடுமுன் பரிசோதித்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, உறையிலிட்டு அனுப்பினால் அமெரிக்க ஆய்வுக்கூடம் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடும். அங்கிருந்த மகள் இரண்டு உறைகள் அனுப்பியிருந்தாள். என் நாய் பிரஷ்ஷைத் தின்பண்டம் என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. முடிவு வந்தது: நோய் இல்லை, ஆனால் குறையைச் சுமக்கிறது. குறையே இல்லாத ஆண் நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டியும் ரத்தம் கொட்டிச் சாகாது.

சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் அழகான ஆண் நாய் இருந்தது. "ஏனுங்க, ஏழு தலைமுறைக்குப் பேப்பர் வெச்சிருக்கறனுங்க. எம்பொண்ணுக்குக்கூட இத்தன பாக்கலீங்க" என்று சிரித்தார். இருந்தாலும் ஓர் உறையை வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து அதை ஒட்டியே கொண்டுவந்தார். "தேச்சுப்போட்டேனுங்க."

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: மாதிரி எடுத்ததை நேரில் கண்டவர் கையொப்பம். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, சாட்சி இல்லாத மனுக்களை முப்பது வருஷம் திருப்பி அனுப்பியவன் நான். பார்க்காமல் சான்றளித்த ஒரு கீழ்நிலை அலுவலருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தவன். ஆனால் வெயிலில் வந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம், என் கண் முன்னால் இன்னொரு தடவை தேயுங்கள் என்று எப்படிச் சொல்வது? போட்டேன்.

குறையில்லை என்று சான்றிதழ் வந்தது. ஏழு குட்டிகள். மூன்றாம் நாள் அந்த இனத்தின் வழக்கப்படி வால் வெட்ட மருத்துவர் வந்தார். சான்றிதழை நம்பி ஏழுக்கும் வெட்டினார். இரண்டுக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவரும் நானும் ஆளுக்கொரு குட்டியை மடியில் வைத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலத்துக்குள் இரண்டும் போயின.

மறுநாள் சோமனூர் போனேன்.

"இவன் வாய்க்குள்ள கைய உட்டா வெரலு மிஞ்சாதுங்க" என்றார் அவர். "அதான் ஈரோட்டுல சம்மந்தி ஊட்டு நாய்க்குத் தேச்சேனுங்க. அது பசுவாட்ட நிக்கும். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்களே?"

"உங்க தம்பியும் நீங்களும் எல்லாத்துலயும் ஒண்ணுங்களா?"

"சொத்தப் பிரிக்கற வரைக்கும் ஒண்ணுதானுங்க" என்றார், சிரிக்காமல்.

சான்றிதழைத் திருப்பிக் கேட்டேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை போத்தனூரிலிருந்து ஒருவர் பெட்டை நாயோடு வருகிறாராம்.

"அதெப்படிங்க குடுக்கறது? நேர்ல பாத்ததா நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க."

சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி அன்றே ஆய்வுக்கூடத்துக்கு எழுதினேன். கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் போய் நின்றேன். போத்தனூர்க்காரர் காரைவிட்டு இறங்கியதும், இந்த நாயின் சான்றிதழுக்காகப் போட்ட சாட்சிக் கையெழுத்து பொய் என்றேன்.

"ஆருதுங்க அது?"

என்னுடையது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் பேச்சை எதற்குக் கேட்பது என்று நினைத்தாரோ என்னவோ, நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.