செடிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

போன வாரம் வீட்டுக்கு வந்த வாசகர் ஒருவர், கூடத்து மூலையில் நிற்கும் செடியைப் பார்த்து அசந்துபோனார். ஆள் உயரம். முறம் அகலத்துக்கு இலைகள், இலைக்கு இலை ஓட்டை. இந்த உப்புக்காற்று ஊரில் இதை எப்படி வளர்த்தீர்கள், பத்தியில் எழுதுங்களேன் என்றார்.

எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடி என் வீட்டுக்கு வருவாரா, தெரியாது.

செடி, மருமகள் செண்பகத்தோடு சீர்வரிசையாக வந்தது. தென்காசிப் பெண். கட்டில், பீரோ, அண்டா... கூடவே தொட்டியில் இது. எங்கள் மண்டபம் ஊர்க் கடல்காற்றில் வாசலில் வைத்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும். கூடத்தில் ஜன்னலோரம் வைத்தோம். தண்ணீர் ஊற்றுவது, ஈரத்துணியால் இலை துடைப்பது எல்லாம் ரிடையரான என் வேலை.

வந்த மறுநாளே செண்பகம் சொன்னாள் - கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று. வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரைச் சோதிக்க எங்களுக்குத் தெரிந்த முறை அதுதானே? பிறந்ததிலிருந்து அதையே குடித்த நாக்குக்கு உப்பு எப்படித் தெரியும்? அதை யோசிக்கவில்லை. குற்றாலத் தண்ணீர் குடித்த கொழுப்பு என்று என் வீட்டுக்காரி முணுமுணுத்தாள். நான் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் செடியின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக் காதர் பாயைக் கூப்பிட்டேன். கொழும்பில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கிள்ளிப் பார்த்தார்.

“தண்ணி உப்புண்ணே. ஊத்துத் தண்ணி ஊத்துங்க. இல்லன்னா செத்துப்போகும்.”

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். கடலோர மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். ஆழமாக மொண்டால் உப்பு வந்துவிடும். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம். தினமும் காலையில் நானே சுமந்து வந்தேன். செடி தேறியது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அடுத்த வருஷம் செண்பகத்துக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியது, முகம் ஊதியது. பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் என்றாள் என் வீட்டுக்காரி. ஒருநாள் செண்பகம் அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள்.

“செடிக்கு வச்சதும்மா” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். டம்ளரை அப்படியே குடத்தில் சாய்த்துவிட்டுப் போனாள்.

எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அதனால்தான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எனக்கு அது போதும்... இன்றுவரை சரியாகத் தூக்கமில்லை.

உடம்பு தேறியதும் அவளுடைய அப்பா கூட்டிப்போக வந்தார். ஸ்டேஷனில், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், செடியையும் அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மாமா, அங்கயே இருக்கட்டும். அது சொன்னா அந்த வீட்ல காது குடுத்துக் கேக்காங்க.”