பொடி வைக்கும் குழி

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்களில், கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டோரம் விழும் குழியில்தான் மூக்குப்பொடி வைத்து இழுப்போம். ஒரு நாள் பலகையில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் அதிகமில்லை, அந்தக் குழியில் மட்டும் வலி நிற்கவில்லை.

“பொடிக் காரம் உள்ள எறங்கிகினு கீது மாமு, வுட்டுடு” என்றான் ராயபுரத்துக் கூட்டாளி. பொடியை விட்டேன். வலி போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராக அந்தக் குழியைத்தான் அழுத்தினார். அடியில் சின்ன எலும்பு ஒன்று உடைந்திருக்கிறதாம். எக்ஸ்ரே படத்தில் மணிக்கட்டு முழுக்கக் கூழாங்கற்கள், நடுவே இடைவெளிகள். அவையெல்லாம் எல்லோருக்கும் இருப்பவை, இந்தக் கோடுதான் உடைசல் என்றார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. மாவுக்கட்டுப் போட்டால் வேலை கிடையாது. நாளை வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அஞ்சு வெரலும் ஆடுது. இன்னாத்தடா ஒட்ஞ்சிது?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. முதல் மூட்டையிலேயே குழியில் வலி வெட்டி, மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி கைநழுவி விழுந்தது. மேஸ்திரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அப்போதும் நன்றாகத்தான் ஆடின.